இடது முழங்கை

போன மாதம் ஈப்போவில் இளம் தடகள நடுவர்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை நடந்தது. ஓய்வு பெற்றவர்களில் இன்னும் கால் நடக்கிறது, இன்னும் வாய் ஓயவில்லை என்ற இரண்டு தகுதிகளைப் பார்த்து என்னையும் அழைத்திருந்தார்கள். இப்போது ஓடுதடத்தின் எல்லா வளைவுகளிலும் கேமரா வைத்துவிட்டார்கள். யார் யாரை இடித்தார், யார் கோட்டை மிதித்தார் என்பதை ஓர் அறைக்குள் உட்கார்ந்து, திரையை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். தேநீர் நேரத்தில் ஒரு பெண் வந்து கேட்டாள்.

"டீச்சர், உங்க காலத்துல கேமராவே இல்லியாமே? அப்புறம் எப்படிலா கண்டுபுடிச்சீங்க?"

"கண்ணு இருந்துச்சு" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கண் மட்டும் போதாமல் போன ஒரு சாயங்காலம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதை அவர்களிடம் சொன்னேன். நேரம் போதாமல் பாதியைத்தான் சொன்னேன். முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் பாரிட் புந்தாரில் பிறந்தவள். பெயர் ஸ்டெல்லா. ஆசிரியர் பயிற்சி முடித்ததும் ஜெலாப்பாங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் வேலை கிடைத்தது. அங்கே உடற்கல்விக்கு ஆள் இல்லை. தலைமையாசிரியர் எல்லா ஆசிரியைகளின் காலையும் ஒரு பார்வை பார்த்தார். செருப்புப் போடாமல் சப்பாத்துப் போட்டிருந்தவள் நான் ஒருத்தி. "நீங்களே பாத்துக்குங்க" என்று விசிலைக் கொடுத்துவிட்டார். அங்கிருந்து மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, தேர்வு எழுதித் தடகள நடுவர் சான்றிதழ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. சம்பளம் பள்ளியில் வாங்கினாலும் என் உயிர் இருந்தது அந்த மஞ்சள் கொடியில்தான். சனி ஞாயிறானால் கொடியைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். "கொடி புடிக்கப் போறியே, எந்தக் கட்சில சேந்திருக்க?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

வளைவு நடுவரின் வேலையைச் சொல்கிறேன். ஓடுதடத்தின் வளைவில் எங்களுக்கு ஆளுக்கொரு முக்காலி. ஆளுக்கு ஒரு துண்டுத் தடம். அந்தத் துண்டுக்குள் வரும் கால்களைத்தான் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்க்கக் கூடாது, முன்னால் போனவர்களைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. கடைசி ஆள் தாண்டும்வரை கண் நம் துண்டை விட்டு நகரக் கூடாது. கைதட்டக் கூடாது. தப்பு நடந்தால் மஞ்சள் கொடியைத் தூக்கி, நடந்த இடத்தில் தரையில் ஒரு நாடாவை ஒட்டிவிட்டு, பார்த்ததை எழுதித் தலைமை நடுவரிடம் கொடுக்க வேண்டும். தப்பு இல்லையென்றால் வெள்ளைக் கொடி. தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. இத்தனை வருடத்தில் பெரிய பெரிய ஓட்டங்களை எல்லாம் நான் "பார்த்திருக்கிறேன்" என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். உண்மையில் நான் பார்த்ததெல்லாம் முழங்காலுக்குக் கீழேதான்.

எங்கள் தலைமை நடுவர் புவான் ரொஹானி; மலாயில் 'புவான்' என்றால் அம்மையார். ஒரு மலாய்ப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தவர். சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. எப்போதும் ஒரு சுடுநீர்க் குடுவையில் கோப்பி வைத்திருப்பார். நம் அறிக்கையை வாங்கினால் உடனே படிக்கமாட்டார். முதலில் கோப்பியை மூடியில் ஊற்றிக் குடிப்பார். பிறகு படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார். "நம்பாக், அதாவ் ராசா?" பார்த்தீர்களா, தோன்றியதா?

நான் புதிதில் ஓர் அஞ்சலோட்டத்துக்கு எழுதிய அறிக்கையில், "அந்தப் பையன் வேண்டுமென்றே குறுக்கே வந்தான்" என்று எழுதிவிட்டேன். புவான் ரொஹானி 'வேண்டுமென்றே' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"இது எந்த லேன்ல ஓடுச்சு ஸ்டெல்லா?"

வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து மனசைப் பற்றி ஒரு சொல்கூட நான் அறிக்கையில் எழுதியதில்லை. கால், கை, கோடு, எண். அவ்வளவுதான்.

அப்படி எழுதப் பழகியதுதான் ஒரு பிள்ளையின் தலையில் வந்து விடிந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், மாநிலங்களுக்கு இடையிலான தேசியப் போட்டி எங்கள் பேராக் மாநிலத்தில், ஈப்போவில் நடந்தது. பெண்கள் எண்ணூறு மீட்டர் இறுதி ஓட்டம். எண்ணூறு என்றால் தடத்தை இரண்டு சுற்று சுற்ற வேண்டும். வேகமும் வேண்டும், மூச்சும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் கடைசி நூறு மீட்டரில் தெரிந்துவிடும். அந்த ஓட்டத்தில் ஐரின் என்று வேறு மாநிலத்துப் பெண் ஒருத்திதான் ஜெயிப்பாள் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். முந்தின முறையும் அவளேதான் தங்கம். எங்கள் மாநிலத்தின் சார்பில் தர்ஷினி என்று ஒரு சின்னப் பெண். பள்ளிப் படிப்பே முடியவில்லை. சிலிம் ரிவர் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டம். பால்மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனாலும் சில குடும்பங்கள் இன்னும் அங்கே, ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் லயத்து வீடுகளில் இருக்கின்றன. அங்கிருந்து வந்தவள். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை. தகுதிச் சுற்றில் கடைசி ஆளாகத் தொத்திக்கொண்டு இறுதிக்கு வந்தாள். எங்கள் மாநிலத்துக்காரர்களே அவளை எண்ணிக்கைக்கு ஓட வந்தவளாகத்தான் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் முக்காலி கடைசி வளைவின் நுழைவாயிலில் இருந்தது. முதல் சுற்றில் கூட்டமாக வந்தார்கள், போனார்கள். ஒரு தப்பும் இல்லை. கடைசிச் சுற்றுக்கான மணி அடித்த பிறகு திடல் முழுக்க ஒரே இரைச்சல். என் துண்டுக்குள் முதலில் நுழைந்தவை ஐரினின் கால்கள். தடத்தின் உள்விளிம்பில் ஒரு தாழ்வான அலுமினியக் கட்டை ஓடும், கெர்ப் என்போம். அதை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலப்பக்கத்தில், வெளியே, இன்னொரு ஜோடிக் கால்கள் ஏறி வந்தன. தர்ஷினி. இந்தப் பிள்ளை இங்கே எப்படி வந்தாள்?

அதே நொடியில் பின்னால் வந்த மூன்றாவது ஓட்டக்காரி என் பார்வைக்குக் குறுக்கே வந்தாள். அவளுடைய உடம்புக்கு மேலாக ஓர் இடது முழங்கை ஐரின் பக்கமாக விரிந்தது. தர்ஷினியின் முழங்கை. கீழே ஐரினின் இடது கால் கெர்ப் மேல் இருந்தது. அடுத்த நொடி ஐரின் தரையில் உருண்டாள்.

பட்டதா? பார்க்கவில்லை. கால் முதலில் போனதா, கை முதலில் வந்ததா? அதையும் பார்க்கவில்லை.

கூட்டம் எழுந்து நின்று கத்தியது. எங்கள் மாநிலத்துப் பெண், பெயரே தெரியாத பெண், தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். என் முதுகுக்குப் பின்னால் கம்பி வேலியில் சாய்ந்துகொண்டு, "விடாத, விடாத, போ தாயீ!" என்று யாரோ கதறினார்கள். நான் மஞ்சள் கொடியைத் தூக்கினேன். வேலிக்குப் பின்னால் அந்தக் குரல் சட்டென்று நின்றது. பிறகு, "யாருலா அது, நம்ம டீச்சரா கொடி தூக்குனது?" என்று கேட்டது.

தர்ஷினி முதலாவதாக வந்தாள். திரையில் அவள் பெயர் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் பக்கத்தில் 'பரிசீலனையில்' என்று ஒரு சொல்லும் வந்தது. பதக்கம் கொடுப்பதை நிறுத்திவைத்தார்கள்.

பார்வையாளர் மேடைக்குக் கீழே ஓர் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் புவான் ரொஹானி. என் அறிக்கை அவர் முன்னால் கிடந்தது. "ஐரினின் இடது கால் கெர்ப் மேல் இருந்தது. தர்ஷினியின் இடது முழங்கை வெளியே விரிந்தது. உடல் தொட்டதைக் காணவில்லை." மூன்றே வரி. கோப்பியை ஊற்றிக் குடித்தார். எங்கள் வளைவின் மறுமுனையில் இருந்த நடுவர் எதையும் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆக, அந்தக் கொடிக்குச் சாட்சி நான் ஒருத்திதான்.

ஐரினின் மாநில மேனேஜர் பெயர் குணா. நம்ம ஆள்தான், நல்ல உயரம், உயரத்துக்கேற்ற குரல். எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"டீச்சர், தள்ளுனது ஊருக்கே தெரிஞ்சிச்சு. நீங்க மட்டும் தொட்டதப் பாக்கலன்னு எழுதிருக்கீங்க. உங்க மாநிலத்துப் பிள்ளைன்னு பாக்காதீங்கலா."

"எங்க மாநிலம்னு பாத்திருந்தா கொடியவே தூக்கிருக்க மாட்டேன் மிஸ்டர் குணா."

"தூக்கிட்டு அப்புறம் ஏன் பாதிய முழுங்குறீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முப்பது வருடக் கொடியை ஒருவன் இப்படிக் கேட்கும்போது யாருக்குத்தான் வராது? பதில் சொல்லியிருப்பேன். புவான் ரொஹானி தலையை நிமிர்த்தி எங்கள் இருவரையும் பார்த்தார். இருவரும் உட்கார்ந்தோம்.

முதலில் ஐரினை விசாரித்தார். முழங்காலில் கட்டுப் போட்டிருந்தார்கள். கண் சிவந்திருந்தது. வலது கையில் ஏதோ இடித்தது, அப்புறம் விழுந்துவிட்டேன், வேறெதுவும் தெரியாது என்றாள். அவள் பொய் சொல்பவளாகத் தெரியவில்லை.

அடுத்து தர்ஷினி வந்தாள். மாநில உடுப்போடு, காலில் சப்பாத்து இல்லாமல் காலுறையோடு வந்து நின்றாள். அவ்வளவு பெரிய கூட்டத்தை எழுந்து நிற்க வைத்த பெண் இவளா என்று நம்ப முடியாத அளவுக்கு ஒடிசலாக இருந்தாள். அந்த நேரத்தில் கேஸ் அவள் பக்கம்தான் இருந்தது. தொட்டதை யாரும் பார்க்கவில்லை, இடித்தது எது என்று ஐரினுக்கும் தெரியவில்லை. இவளும் "தொடவில்லை" என்று ஒரு சொல் சொன்னால் போதும், புகார் தள்ளுபடியாகிவிடும். தங்கம் அவளுக்கே.

"உன் கை அவள் மேல் பட்டதா?" என்று புவான் ரொஹானி மலாயில் கேட்டார்.

பிள்ளை குனிந்து தன் இடது கையைப் பார்த்தாள். சொல்லாதே, சொல்லாதே என்று என் மனசு அடித்துக்கொண்டது. அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

"பட்டுச்சு" என்றாள்.

குணா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். புவான் ரொஹானி கையைக் காட்டி உட்கார வைத்தார்.

"தள்ளினாயா?"

"இல்ல புவான். வளைவுல என் இடது கை அப்படித்தான் வெளிய போயிரும். கோச் எவ்வளவோ தடவ ஏசியிருக்காரு. அடக்கித்தான் ஓடுறேன். கடைசில களைச்சுப் போனா தானா போயிருது."

"ஏன் அப்படி?"

தமிழில் என்னைப் பார்த்துச் சொன்னாள். பிறகு அவளே மலாயிலும் சொன்னாள்.

"எங்க தோட்டத்துல திடல வித்துட்டாங்க டீச்சர். இப்ப அங்க தாமான் வீடுங்க கட்டிட்டாங்க. ஓடுறதுக்குச் சமமான எடம்னா அம்மன் கோயிலச் சுத்தி இருக்கிற மண்ணுதான். சின்னதுலேர்ந்து அங்கதான் ஓடுறேன். இங்க மாதிரி இடப்பக்கமா ஓடுனா பூசாரி மாமா கல்லத் தூக்கிட்டு வருவாரு. கோயில எடமா யாரும்மா சுத்துவாங்கன்னு ஏசுவாரு. அதுனால வலப்பக்கமாவே சுத்திச் சுத்திப் பழகிட்டேன்."

வெளியில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உலகத்தில் எந்தத் தடத்திலும் ஓட்டம் இடப்பக்கமாகத்தான் சுற்றும். இடது கை உள்ளே, வலது கை வெளியே. வளைவில் வெளிப்பக்கத்துக் கைதான் அகலமாக வீசும், உள்பக்கத்துக் கை ஒடுங்கி இருக்கும். கோயிலையோ வலமாகத்தான் சுற்றுவோம். வலமாகச் சுற்றினால் வெளியே இருப்பது இடது கை. அம்மனை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய பிள்ளையின் இடது கைக்கு, வளைவு வந்தால் விரிய வேண்டும் என்பதுதான் தெரியும். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் நம்ம சனங்களோடு வளர்ந்தவள். அவள் சொல்லி முடிக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது.

குணாவுக்கும் விளங்கியது. முகத்தைப் பார்த்தேன். கோபமெல்லாம் வடிந்து, வாயைத் திறந்தபடி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நெற்றியில் காலையில் வைத்த விபூதி இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"நாங்க மக்காவுல இடப்பக்கமாச் சுத்துவோம்" என்று புவான் ரொஹானி மெதுவாகச் சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. "அவங்கவங்களுக்கு ஒரு பக்கம்."

குணாதான் முதலில் சுதாரித்தார். குரல் இறங்கியிருந்தது. ஆனாலும் தன் வேலையை விடவில்லை. "காரணம் சரி புவான். நான் நம்புறேன். ஆனா பட்டுச்சுன்னு அவளே சொல்லிட்டா. என் பிள்ளையோட ஒரு வருச உழைப்பு தரையில கெடக்குதே, அதுக்கு என்ன பதில்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

புவான் ரொஹானி என் பக்கம் திரும்பினார். "காலா, கையா, எது முதலில்?"

"தெரியாது புவான்."

"தோன்றுவது?"

இத்தனை வருடத்தில் முதல் முறையாக என்னிடம் அதைக் கேட்டார். கால்தான் முதலில் என்று எனக்குத் தோன்றியது. பாதி உண்மையாகவும் தோன்றியிருக்கலாம், அந்தப் பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையிலும் தோன்றியிருக்கலாம். எது எவ்வளவு என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

"தோன்றுவதைச் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோப்பியைக் குடித்தார். பிறகு தீர்ப்பைச் சொன்னார். கை பட்டிருக்கிறது. தள்ளியதாக யாரும் பார்க்கவில்லை. விழுந்தவளுடைய வாய்ப்பு பெரிதாகக் கெட்டிருக்கிறது. விதிப்படி யாரையும் நீக்கப் போவதில்லை. நாளை சாயங்காலம் எல்லாரும் மறுபடி ஓட வேண்டும்.

தர்ஷினியின் தங்கம் இல்லாமல் போனது அப்படித்தான். நீக்கியிருந்தால் அழுது தீர்த்துவிடலாம். இதுவோ அதைவிட மோசம். ஒரு தடவை நடந்த அதிசயத்தை மறுநாள் சொன்ன நேரத்துக்கு மறுபடி நடத்திக் காட்ட வேண்டும். அதுவும் நாடு முழுக்க அவளுடைய இடது முழங்கையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது. கையை விரித்தால் கொடி. அடக்கினால் வேகம் போய்விடும். ஐரின் விழுந்ததால்தான் இவள் ஜெயித்தாள் என்று அதற்குள் வெளியே பேச ஆரம்பித்திருந்தார்கள். மற்ற ஓட்டக்காரிகளின் மேனேஜர்கள் வேறு, எங்கள் பிள்ளைகள் என்ன இயந்திரமா என்று முணுமுணுத்தார்கள்.

நடைபாதையில் தர்ஷினி என் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"டீச்சர், படலன்னு சொல்லிருக்கணுமா?"

ஓட்டம் முடியும்வரை நடுவர் ஓட்டக்காரியோடு பேசக் கூடாது. அது விதி. பேசினால் மறுநாள் நான் அந்த முக்காலியில் உட்காரவே முடியாது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசாமல் நடந்து போனேன். என் வேலையில் நான் செய்த காரியங்களிலேயே கடினமானது கொடி தூக்கியது இல்லை, அந்த நடைதான்.

மறுநாள் மத்தியானம் புவான் ரொஹானியிடம் போய் என்னை வேறு வளைவுக்கு மாற்றச் சொன்னேன். குணா எப்படியும் என்னை மாற்றச் சொல்லிக் கேட்பார், அதற்குமுன் நானே ஒதுங்கிக்கொண்டால் மரியாதை என்று நினைத்தேன்.

"குணா காலையிலயே வந்துட்டார்" என்றார் புவான்.

"மாத்தச் சொன்னாரா?"

"இல்ல. சொந்த மாநிலத்துப் பிள்ளைக்கு எதிராக் கொடி தூக்குனவங்க அவங்க, அந்த வளைவுல அவங்களே இருக்கட்டும்னார்."

குணா மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

மூன்று மணிக்கு ஈப்போ மழை பிடித்துக்கொண்டது. மலைகள் எல்லாம் மறைந்துபோயின. ஓட்டம் தள்ளிப்போகும் என்றார்கள், ரத்தாகும் என்றார்கள். பிறகு மழை ஓய்ந்து, தண்ணீரைத் தள்ளி, தடத்தைத் துடைத்தார்கள். ஈரத் தடம். வளைவில் வழுக்கும். என் முக்காலியையும் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வேலிக்குப் பின்னால் குணா வந்து நின்றார்.

துப்பாக்கிச் சத்தம் கேட்டது.

முதல் சுற்றில் என் துண்டுக்குள் அவர்கள் வந்தபோது கால்களைப் பார்த்தேன். சுத்தம். ஆனால் ஒரு ஜோடிக் கால்களின் நடை சரியில்லை. அடி குறுகியிருந்தது. விதியை மீறாமல் கொஞ்சம் மேலே பார்த்தேன். தர்ஷினி இடது கையை விலாவோடு ஒட்டிப் பிடித்திருந்தாள், அக்குளில் எதையோ இடுக்கிக்கொண்டு ஓடுகிறவளைப் போல. தோள் இறுகியிருந்தது. கூட்டத்தின் கடைசியில் இருந்தாள். போய்விட்டது என்று நினைத்தேன். இப்படி ஓடினால் கடைசிதான் வருவாள், ஊர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். ஒரு சின்னப் பெண் உண்மையைச் சொன்னதற்கு இதுதான் கூலியா என்று அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. முக்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மணி அடித்தது. எதிர்ப்பக்கத்து நேர்ப்பாதையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கக் கூடாது. என் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரத்தில் காலடிச் சத்தம் நெருங்கியது.

முதலில் ஐரின், முழங்காலில் கட்டோடு, கெர்ப்பை ஒட்டி. அவளுக்குப் பின்னால் இருவர். எல்லாரும் முதல் லேனில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். இரண்டாவது லேன் காலி. மூன்றாவது லேனில், யாருமே ஓடாத இடத்தில், இன்னொரு ஜோடிக் கால்கள் தனியாக வந்தன.

வளைவு முழுக்க மூன்றாவது லேனில் ஓடினால் மற்றவர்களைவிடப் பல மீட்டர் அதிகம் ஓட வேண்டும். புத்தியுள்ளவர்கள் யாரும் அப்படி ஓடுவதில்லை. கோச் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அங்கே இடிக்க ஆள் இல்லை. பிள்ளை கையை விட்டுவிட்டாள். அந்த இடது முழங்கை அதன் இஷ்டத்துக்கு விரிந்தது, மடங்கியது, விரிந்தது. அடி நீண்டிருந்தது. அவளுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே ஒரு முழு லேன் ஈரமாக, வெறுமையாக மின்னியது. என் துண்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

தலையைத் திருப்பவில்லை. இன்னும் ஆட்கள் வர வேண்டும். ஐந்தாவது வந்தாள், ஆறாவது, ஏழாவது. கடைசிப் பெண் வெகு தூரம் பின்தங்கி, மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தாள். முந்தின நாளும் ஓடி இன்றும் ஓடியதில் கால் துவண்டிருந்தது. எனக்குப் பின்னால், நேர்ப்பாதையில், திடலே இடிந்து விழுவதுபோல் ஒரு சத்தம் எழுந்தது. அது யாருக்கான சத்தம்? ஐரினுக்கும் அங்கே ஆயிரம் பேர் கத்துவார்கள். நான் அந்தக் கடைசிப் பெண்ணின் கால்களையே பார்த்தேன். வா மகளே, சீக்கிரம் வா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் நிதானமாக, ஒரு கோட்டையும் மிதிக்காமல், என்னைத் தாண்டிப் போனாள்.

எழுந்து வெள்ளைக் கொடியைத் தூக்கினேன். தலைமை மேசையிலிருந்து பதில் கொடி வரும்வரை தூக்கியபடியே நின்றேன். பிறகுதான் கையை இறக்கினேன். திரும்பினேன். திரை இருக்கும் பக்கம் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நிறைந்து ஓர் எழுத்தும் தெரியவில்லை.

வேலிக்குப் பின்னால் குணா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை மழையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"யாரு?" என்று கேட்டேன்.

"நீங்க பாக்கலியா டீச்சர்?"

"எனக்கு அந்தப் பக்கம் பாக்க அனுமதி இல்ல. யாருன்னு சொல்லுங்க."

அவர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க பிள்ள கடைசிவர விடல. நல்லாத்தான் ஓடுனா. முழுசா ஓடுனா" என்றார். "உங்க பிள்ள தங்கம் டீச்சர். அவ்வளவு வெளிய ஓடி வந்தும் தங்கம். யார் மேலயும் படவே இல்ல."

நான் ஈர முக்காலியில் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். கொடியைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம், தோற்றுப்போன அந்த மனிதர், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, எனக்கும் சேர்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்.